எது அணையக் கூடாது? குடியிருக்கும் பாய்மரப் படகு ஒன்றின் பேட்டரித் திட்டம்: நிகழ்வு ஆய்வு

## பின்னணி

சென்னையில் ஒரு தம்பதி. கணவர் வணிகக் கப்பல்களில் சீஃப் இன்ஜினியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்தவர். கட்டுரை முழுக்க அவர்களைச் சீஃப் என்றும் டீச்சர் என்றும் சொல்கிறேன். நாங்கள் கூப்பிட்டதும் அப்படித்தான். வருடத்தில் பெரும்பகுதி படகிலேயே குடியிருப்பது, கை பழகியதும் அந்தமான் வரை போய் வருவது என்பது அவர்கள் திட்டம். அதற்காக மேற்குக் கரையிலிருந்து 38 அடி ஃபைபர் பாய்மரப் படகு ஒன்றை வாங்கி வந்து, சென்னைத் துறைமுகத்துக்குள் ஒரு ஜெட்டியில் கட்டியிருந்தார்கள். ஒற்றைப் பாய்மரம், 30 குதிரைத்திறன் டீசல் இன்ஜின், அது ஓடும்போது மின்சாரம் தர 80 ஆம்பியர் ஆல்டர்னேட்டர்.

மின்சாரம் முழுவதையும் புதிதாகப் போட வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். படகு எலக்ட்ரிகல் என் தொழில். நான் போகும்போதே சீஃப் கையில் ஒரு கொட்டேஷன் இருந்தது, மின்சார ஆட்டோக்களுக்கு லித்தியம் பேட்டரி கட்டிக் கொடுக்கும் ஒருவர் தந்தது. 400 ஏஹெச் (ஆம்பியர்-ஹவர், பேட்டரியின் கொள்ளளவு) அளவில் ஒரே பேட்டரி, 3 கேவிஏ இன்வெர்ட்டர், ஆல்டர்னேட்டரிலிருந்து நேராகப் பேட்டரிக்கு ஒரு கேபிள். அவ்வளவுதான் திட்டம். விலை நியாயமாகத்தான் இருந்தது.

படகில் குடியிருக்க நினைப்பவர்கள் பெரும்பாலும் "எத்தனை ஏஹெச் போடலாம்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். இவர்களும் அங்கேதான் ஆரம்பித்தார்கள். ஆனால் பொருள் வாங்குவதற்கு முன்பே அந்தக் கேள்வி இரண்டாம் இடத்துக்குப் போய்விட்டது. அது எப்படி நடந்தது, அதனால் என்ன மாறியது என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

## படகில் ஏற்கெனவே இருந்தது

முந்தைய உரிமையாளர் வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடும் 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரிகள் இரண்டை, பின்பக்கப் படுக்கைக்குக் கீழே மூடிய பெட்டிக்குள் வைத்திருந்தார். வீட்டில் அசையாமல் நிற்கும்வரை அவை நல்ல பேட்டரிகள். பாய்மரப் படகு காற்றில் சாயும். சாய்ந்தபடியே மணிக்கணக்கில் ஓடும். பேட்டரி மூடிகள் வழியாக அமிலம் கசிந்து, பெட்டியின் அடிப்பலகை ஊறிப்போய் விரல் பட்டாலே உதிர்ந்தது. சார்ஜ் ஆகும்போது வரும் ஹைட்ரஜன் வெளியே போக வழியே இல்லை. அதற்கு மேல்தான் மெத்தை. அன்றைக்கே இரண்டையும் கழற்றிக் கரையில் இறக்கினோம்.

அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், இருந்த நங்கூர விஞ்சுக்குப் போன கேபிளை வெட்டிப் பார்த்தோம். வெல்டிங் கேபிள். வெளியே ரப்பர் பளபளப்பாக, புதிது போலவே இருந்தது. கேபிள் நுனியில் மாட்டும் உலோக முனையான லக்கை ஒட்டி உரித்தால் உள்ளே செம்பு இழைகள் கன்னங்கரேல் என்று இருந்தன. சரி, நுனியில் மட்டும் இருக்கும் என்று ஒரு சாண் தள்ளி உரித்தோம். அங்கேயும் கறுப்பு, நடுநடுவே பச்சை. உப்புக்காற்று லக்கின் வாய் வழியாக நுழைந்து, இழைகளுக்கு இடையிலேயே ஏறிப் போயிருக்கிறது. டின் பூசாத செம்பு கடலில் இப்படித்தான் ஆகும். கறுத்த இழை லக்கோடு சரியாகச் சேராது, மின்தடை ஏறும், சுமை வந்தால் அந்த இடம் சுடும். மெயின் கேபிள் எதையும் மிச்சம் வைப்பதில்லை என்று அங்கேயே முடிவாயிற்று.

## கத்திரி வெயிலில் அளந்தது

சீஃப் கருவிகளின் பெயர்ப்பலகையையும் உற்பத்தியாளர்களின் கையேட்டையும் வைத்து ஒரு கணக்குப் போட்டிருந்தார்: நாளுக்கு 90 ஏஹெச். அதில் ஃப்ரிட்ஜுக்கு 30. ஐரோப்பியக் கையேட்டில் இருக்கும் அந்த எண் அங்கே உள்ள குளிருக்குப் பொருந்தும். மே மாதச் சென்னைக்கு அது பொருந்துமா என்பதுதான் கேள்வி. அளந்துவிட்டுப் பேசலாம் என்றேன்.

ரிச்சி தெருவில் மின்னோட்டத்தை அளக்கும் ஷன்ட் வைத்த பேட்டரி மானிட்டர் ஒன்றை வாங்கி மாட்டினோம். கரை மின்சாரத்தில் ஒரு சார்ஜரையும், தற்காலிகமாக ஒரு பேட்டரியையும் வைத்துக்கொண்டு, அக்னி நட்சத்திரத்தில் இருவரும் படகிலேயே தங்கினார்கள். டீச்சர் ஒரு நோட்டில் கோடு போட்டு, எந்தக் கருவி எத்தனை மணிக்கு ஓடியது, எத்தனை ஆம்பியர் இழுத்தது என்று எழுதினார். இந்தத் திட்டத்தில் நான் பார்த்த மிகச் சிறந்த ஆவணம் அந்த நோட்டுதான்.

ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸர் ஓடும்போது 4.5 ஆம்பியர். கேபினுக்குள் 37 டிகிரி இருந்த நாட்களில் அது பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடம் ஓடிக்கொண்டே இருந்தது. ஒரு நாளைக்கு 65 ஏஹெச். கையேட்டில் சொன்னதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். நாலு ஃபேன்களுக்கும் சேர்த்து 24. போன், லேப்டாப், ரூட்டர் 20. கடலில் பேச உதவும் விஎச்எஃப் ரேடியோ, சுற்றியுள்ள கப்பல்களைக் காட்டும் ஏஐஎஸ், நங்கூர விளக்கு எல்லாம் சேர்ந்து 12. உள்விளக்கு 6, தண்ணீர் பம்ப் 4. மிக்ஸி பத்து நிமிடம் ஓடினால் 11. வாரத்தில் இரண்டு நாள் இட்லி மாவு அரைக்கும் கிரைண்டரை நாள் கணக்குக்குக் கொண்டுவந்தால் 3.

ஆக 145. ஆனால் மானிட்டர் 180-ஐத் தாண்டிக் காட்டியது. மீதி எங்கே போகிறது என்று தேடினால், கரையிலிருந்து சோதனைக்காகக் கொண்டுவந்த இன்வெர்ட்டர். எதுவும் ஓடாதபோதும் 20 வாட் தின்றுகொண்டிருந்தது. 24 மணி நேரத்துக்கு 480 வாட்-ஹவர், 12.8 வோல்ட்டில் 37 ஏஹெச். கிரைண்டர், மிக்ஸி இரண்டும் எடுப்பதைவிட இரண்டரை மடங்கு, சும்மா நிற்பதற்கு. கண்டுபிடித்தவர் டீச்சர். இன்வெர்ட்டருக்கு அடுப்பங்கரையிலேயே ஒரு ரிமோட் ஸ்விட்ச் வேண்டும், வேலை முடிந்ததும் அணைக்க வேண்டும் என்றார். அதோடு நாள் செலவு 148 என்று நின்றது.

கடல் ஓட்டத்துக்குத் தனிக் கணக்கு போட்டோம். தானாகச் சுக்கான் பிடிக்கும் ஆட்டோபைலட் சராசரி 4 ஆம்பியர் என்றால் நாளுக்கு 96. கடல் வரைபடத்தைத் திரையில் காட்டும் சார்ட் பிளாட்டர் 36. ஃபேனும் மிக்ஸியும் குறைந்தாலும் மொத்தம் 250 ஏஹெச் அருகே வந்தது.

இன்னொன்றையும் அளந்தோம், வெப்பத்தை. பேட்டரிக்காகச் சீஃப் நினைத்திருந்த இடம் இன்ஜின் அறைக்குப் பக்கத்துத் தடுப்பு. கேபிள் நீளம் குறையும் என்பது காரணம், அது நியாயமான காரணமும்கூட. ஆனால் இன்ஜின் இரண்டு மணி நேரம் ஓடியபின் அந்த இடம் 47 டிகிரி காட்டியது. நடு கேபினில் இருக்கைக்குக் கீழே, நீர்மட்டத்துக்குக் கீழாக இருக்கும் பெட்டியில் அதே நேரத்தில் 33. ஈய-அமில பேட்டரிக்கு 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது பழைய கணக்கு. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டும் சூட்டில் சீக்கிரம் கிழடு தட்டும். ஆகவே இடம் மாறியது, கேபிள் நீண்டாலும் பரவாயில்லை என்று.

## 45 விநாடி

கணக்கெல்லாம் முடிந்து, பேட்டரியின் மூளையாக இருக்கும் பிஎம்எஸ் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். ஒரு செல் அளவுக்கு மேல் ஏறினாலோ, இறங்கினாலோ, சூடானாலோ பிஎம்எஸ் மொத்த பேட்டரியையும் துண்டித்துவிடும் என்று விளக்கினேன். சீஃப் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "கப்பல்ல பிளாக்அவுட் ஆனா எமர்ஜென்சி ஜெனரேட்டர் 45 செகண்டுல எடுத்துக்கும் தம்பி. இங்க எது எடுக்கும்?"

இந்தக் கேள்விதான் திட்டத்தைத் திருப்பிப் போட்டது. கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒப்பந்தமான சோலாஸின் விதிகளின்படி கப்பலில் மெயின் மின்சாரம் போனால் அவசர ஜெனரேட்டர் தானாகக் கிளம்பி 45 விநாடிக்குள் சுமையை ஏற்க வேண்டும். அது இன்ஜின் அறைக்கு வெளியே, மேல்தளத்துக்கு மேலே இருக்க வேண்டும். கீழே தண்ணீர் புகுந்தாலும் தீப்பிடித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகக் கூடாது. முப்பது டன் கூட இல்லாத எங்கள் படகுக்கு அந்த விதி பொருந்தாது. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கும் யோசனை பொருந்தும்.

பழைய ஈய-அமில பேட்டரி மெல்ல மெல்லச் சாகும். விளக்கு மங்கும், பம்பின் சத்தம் இழுக்கும், நமக்குத் தெரியும். லித்தியம் அப்படிச் சொல்லிக்கொண்டு போகாது. முழு வெளிச்சத்தோடு எரிந்துகொண்டிருக்கும், அடுத்த கணம் படகே இருட்டாகும். படகுகளில் லித்தியம் பொருத்துவதற்கான ஐஎஸ்ஓ/டிஎஸ் 23625 என்ற 2021 ஆவணமும், அமெரிக்கப் படகு அமைப்பான ஏபிஒய்சியின் இ-13 தரநிலையும் இதைக் கணக்கில் எடுக்கின்றன. துண்டிக்கும் முன் எச்சரிக்கை வர வேண்டும், முக்கியமான கருவிகளுக்கு வேறு வழி இருக்க வேண்டும் என்பது இ-13 சொல்வது. ஒரே பேட்டரி போடும் கொட்டேஷனில் இந்த இரண்டுக்கும் இடமே இல்லை.

அன்று மாலை டீச்சரின் நோட்டில் புதுப் பக்கம் திறந்து, "அணையக் கூடாதவை" என்று தலைப்பிட்டு எழுதினோம். நீளமாக எழுத ஆரம்பித்து ஒவ்வொன்றாக அடித்ததில் கடைசியில் நின்றவை: படகின் அடியில் (பில்ஜில்) சேரும் தண்ணீரை வெளியேற்றும் தானியங்கி பில்ஜ் பம்ப், விஎச்எஃப் ரேடியோ, ஓட்ட விளக்குகள், எச்சரிக்கை மணி, கேபினில் ஒரே ஒரு விளக்கு, இன்ஜினை ஸ்டார்ட் செய்யும் சக்தி. ஃப்ரிட்ஜ் வெளியே போனது. ஆட்டோபைலட் பற்றி வாக்குவாதம் நடந்தது. கையால் சுக்கான் பிடிக்கலாம் என்று அதுவும் வெளியே போனது.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

முதல் முடிவு, அவசர பேட்டரி. 65 ஏஹெச் ஏஜிஎம், சீல் செய்த ஈய-அமில வகை. வேதியியலே வேறாக இருக்க வேண்டும் என்பது நோக்கம், லித்தியத்தை முடக்கும் காரணம் இதையும் சேர்த்து முடக்கக் கூடாது. இடம் சார்ட் மேசைக்குப் பக்கத்தில், நீர்மட்டத்துக்கு மேலே. அணையக் கூடாதவை எல்லாம் நிரந்தரமாக இதிலேயே ஓடும். லித்தியத்திலிருந்து ஒரு சிறிய டிசி-டிசி சார்ஜர் இதை எப்போதும் நிரப்பிக்கொண்டிருக்கும். ஆகவே மெயின் போனால் எதையும் மாற்ற வேண்டிய அவசியமே வராது. 45 விநாடி இங்கே பூஜ்யமாகிவிட்டது. ஏஜிஎம்மே கெட்டுப்போனால் லித்தியத்தை நேரே இணைக்கக் கையால் திருப்பும் ஒரு ஸ்விட்ச். இன்ஜின் ஸ்டார்ட்டுக்குத் தனியாக 100 ஏஹெச் ஏஜிஎம்.

இரண்டாவது, ஒரு பெரிய பேட்டரிக்குப் பதிலாக இரண்டு. 280 ஏஹெச் செல்கள் நான்கை வரிசையில் கோத்தால் 12.8 வோல்ட். அப்படி இரண்டு பாங்க், ஒவ்வொன்றுக்கும் தனி பிஎம்எஸ், தனி ஃபியூஸ், கையால் துண்டிக்கத் தனி ஐசொலேட்டர். மொத்தம் 560 ஏஹெச், ஏறக்குறைய 7.2 கிலோவாட்-ஹவர். அதில் 80 சதவீதம் எடுத்தால் 448. வெயிலே இல்லாத மூன்று நாளுக்கு 148 வீதம் 444. ஐப்பசி கார்த்திகையில் வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் வந்தால் மூன்று நாள் சூரியனைப் பார்க்காமல் இருப்பது இந்த ஊரில் சகஜம். முதல் கொட்டேஷனின் 400-ஐவிட அளவும் கூடத்தான், ஆனால் பெரிய வித்தியாசம் அமைப்பில்தான்.

24 வோல்ட்டுக்கு மாறலாமா என்று பேசினோம். கேபிள் மெலியும், இன்வெர்ட்டருக்கு நல்லது. ஆனால் நங்கூர விஞ்ச், பம்புகள், இன்ஜின் எல்லாம் 12. 38 அடிப் படகில் அந்த மாற்றம் சிக்கலைத்தான் கூட்டும் என்று விட்டோம்.

மூன்றாவது, ஆல்டர்னேட்டர். ஈய-அமில பேட்டரி நிரம்ப நிரம்பக் குறைவாக வாங்கும். லித்தியம் கிட்டத்தட்ட நிரம்பும்வரை கொடுப்பதையெல்லாம் வாங்கும். 80 ஆம்பியர் என்பது குளிர்ந்த ஆல்டர்னேட்டர் வேகமாகச் சுற்றும்போது தருவது. அதையே மணிக்கணக்கில் கேட்டால் சுருள் கருகும். அதைவிடப் பெரிய ஆபத்து, சார்ஜ் ஆகிக்கொண்டிருக்கும்போது பிஎம்எஸ் துண்டித்தால் வோல்ட்டேஜ் சட்டென்று எகிறி ஆல்டர்னேட்டரின் டயோடு போகும், கூடவே அதில் தொங்கும் எலக்ட்ரானிக்ஸும் போகும். அதனால் ஆல்டர்னேட்டர் ஸ்டார்ட்டர் ஏஜிஎம்முக்கு மட்டும் நேராகப் போகும். அங்கிருந்து 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர்கள் இரண்டு வழியாக லித்தியத்துக்கு. லித்தியம் எப்போது துண்டித்தாலும் ஆல்டர்னேட்டருக்கு அது தெரியவே தெரியாது.

நான்காவது, ஃபியூஸ். இதில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் நம் ஊரில் இதைத்தான் அதிகம் சுருக்குகிறார்கள். இந்த செல்களின் உள்தடை மில்லி-ஓமில் கால் பங்கு அளவு. ஷார்ட் ஆனால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும். வீட்டு எம்சிபி ஏசிக்கானது; ஏசி விநாடிக்கு நூறு தடவை பூஜ்யத்தைத் தொடுவதால் பொறி தானாக அணையும். டிசியில் அந்த உதவி கிடையாது, பொறி தொடர்ந்து எரியும். படகுகளில் வழக்கமாகப் போடும் ஏஎன்எல் ஃபியூஸ் 6,000 ஆம்பியர் வரைதான் முறிக்கும். இரண்டு பாங்க் சேர்ந்தால் அந்த எல்லையே கேள்விக்குறி. வெளிநாட்டுப் படகுகளில் 20,000 ஆம்பியர் முறிக்கும் கிளாஸ்-டி (Class T) ஃபியூஸ் போடுகிறார்கள். உடனே இங்கே கிடைக்கவில்லை. பாரிமுனையில் பேனல் சாமான் கடையில், டிசி மதிப்பும் தெளிவாக அச்சிட்டிருந்த 200 ஆம்பியர் ஹெச்ஆர்சி ஃபியூஸ் கிடைத்தது. தொழிற்சாலைகளில் தினமும் புழங்கும் பொருள், உதிரி எப்போதும் கிடைக்கும், முறிக்கும் திறன் தாராளம். பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் பொருத்தினோம்.

இன்வெர்ட்டர் 3 கேவிஏயிலிருந்து 2,000 வாட்டாக இறங்கியது. 12 வோல்ட்டில் 2,000 வாட் என்றாலே, இன்வெர்ட்டரின் இழப்பையும் சேர்த்து, 185 ஆம்பியர். ஒரு பாங்க் மட்டும் இருந்தாலும் அதன் பிஎம்எஸ் அதைத் தாங்க வேண்டும் என்பதுதான் அளவுகோல். கிரைண்டர் 150 வாட்தான், ஆனால் மாவு நிரம்பிய கல்லை அசைக்கும் முதல் நொடியில் அதைப்போலப் பல மடங்கு இழுக்கும். அதற்கும் இது போதும்.

சோலார், அமரத்தில் (படகின் பின்பக்கத்தில்) ஒரு ஆர்ச் மேல் 330 வாட் பேனல்கள் இரண்டு, தட்டையாக. சென்னை 13 டிகிரி அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்ட் நடுவிலும் சூரியன் நேர் உச்சிக்கே வரும். டிசம்பரிலும் நண்பகலில் 53 டிகிரி உயரத்தில் இருக்கும். சாய்வுக்காக அலைய வேண்டாம். கயிறு, பாயின் அடிக்கட்டையான பூம் என்று ஏதாவது ஒன்றின் நிழல் ஒரு பேனலில் எப்போதும் விழும் என்பதால் ஒவ்வொன்றுக்கும் தனி எம்பிபிடி சார்ஜ் கன்ட்ரோலர். கரை மின்சாரத்தைப் படகுக்குள் ஒயரிங்காகக் கொண்டுவருவதில்லை. தேவைப்பட்டால் ட்ரான்ஸ்பார்மரால் பிரிக்கப்பட்ட சார்ஜர் ஒன்று போதும்.

## பொருத்தியது

ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் வேலை நடந்தது. கேபிள் எல்லாம் டின் பூசிய செம்பு, ஹைட்ராலிக் கிரிம்ப், உள்ளே பசை வைத்த ஹீட் ஷ்ரிங்க். நங்கூர விஞ்சுக்குப் போக வர 20 மீட்டர். 90 ஆம்பியர் இழுக்கும். 16 சதுர மில்லிமீட்டரில் 2 வோல்ட் வழியிலேயே போய்விடும். 35-இல் 0.9 வோல்ட். 35 போட்டோம். செம்புதாஸ் தெருவில் எஸ்எஸ் போல்ட்டும் வாஷரும் வாங்கி, செல்களைப் பெட்டிக்குள் அசையாமல் இறுக்கினோம், படகு கவிழ்ந்தாலும் வெளியே வராதபடி. செல்களோடு வந்த பிஎம்எஸ்ஸும் அதன் மெல்லிய ஒயர்க் கட்டும் விற்றவர் தந்தபடியே போடப்பட்டன.

## வேண்டுமென்றே இருட்டாக்கிப் பார்த்தது

செப்டம்பரில் ஒரு இரவு, துறைமுகத்துக்கு வெளியே இன்ஜினில் போய்க்கொண்டிருக்கும்போது, சீஃப் யாரிடமும் சொல்லாமல் லித்தியம் ஐசொலேட்டர்கள் இரண்டையும் திருப்பினார். பிளாட்டர் அணைந்தது, ஆட்டோபைலட் விட்டது, ஃபேன் நின்றது. டீச்சர் சுக்கானைப் பிடித்துக்கொண்டு, "என்னங்க, ஏதாவது பண்ணீங்களா?" என்று கேட்டார். ஓட்ட விளக்குகள் எரிந்தன. விஎச்எஃப் பேசியது. பில்ஜில் வாளித் தண்ணீர் ஊற்றியதும் பம்ப் ஓடியது. ஆல்டர்னேட்டருக்கு ஒன்றும் ஆகவில்லை. அவசரச் சுமை, பம்ப் மணிக்குக் கால் மணி நேரம் ஓடுவதாக வைத்தாலும், சராசரி 2.2 ஆம்பியர். பேட்டரியில் பாதியை மட்டும் எடுத்தாலே 14 மணி நேரம், அதாவது ஒரு முழு இரவு.

அந்த ஓட்டத்தில் இன்னொன்றும் தெரிந்தது. இன்ஜின் ஐட்லிங்கில் இரண்டு டிசி-டிசி சார்ஜர்களும் ஓடினால் ஆல்டர்னேட்டரின் உடல் 100 டிகிரியைத் தாண்டியது. வேகம் குறைந்தால் அதன் விசிறியும் குறைந்துவிடுகிறது. ஐட்லிங்கில் ஒன்று, 1,500 சுற்றுக்கு மேல் இரண்டு என்று ஸ்விட்ச் வைத்தோம்.

## கார்த்திகை மழை

நவம்பரில் தாழ்வு மண்டலம் ஒன்று கரையை ஒட்டி நின்றது. வாடைக் காற்றும் மழையும் நாலு நாள் விடவில்லை. தெளிந்த நாளில் 180 ஏஹெச் வரை தந்த பேனல்கள், முதல் நாள் 50, அடுத்து 32, மூன்றாம் நாள் 18 என்று இறங்கின. மாவு அரைப்பதை நிறுத்தி, ஃபேனைக் குறைத்து, செலவை 120 அளவுக்குக் கொண்டுவந்தார்கள். மூன்றாம் நாள் மாலை இருப்பு 45 சதவீதம். பாதிக்குக் கீழே இறங்கினால் இன்ஜின் என்பது முன்பே பேசிவைத்த விதி. தினமும் ஒன்றரை மணி நேரம் ஓட்டி 80 ஏஹெச் ஏற்றினார்கள்.

நாலாம் நாள் இரவு எச்சரிக்கை மணி அடித்தது. முதல் பாங்க் துண்டித்துக்கொண்டது. விளக்கு கூடச் சிமிட்டவில்லை, இரண்டாம் பாங்க் மொத்தத்தையும் எடுத்துக்கொண்டது. ஆனால் பாய்மரம் தளத்தைத் துளைத்து இறங்கும் இடத்தில் மழைநீர் கசிந்து பில்ஜுக்குப் போய்க்கொண்டிருந்தது. பம்ப் அடிக்கடி ஓடியது. இரண்டாவதும் துண்டிக்குமா என்று யாராலும் சொல்ல முடியாத நேரம். சீஃப் போனில் என்னிடம் பேசும்போது குரலில் பதற்றம் இல்லை. "பம்ப் தனி பேட்டரியில இருக்கு, காலையில பார்க்கலாம்" என்றார்.

காலையில் போனில் பிஎம்எஸ்ஸின் ஆப்பில் பார்த்தால் முதல் பாங்கின் இரண்டாவது செல் 2.71 வோல்ட், மூன்றாவது 3.77, மற்ற இரண்டும் 3.24. அடுத்தடுத்த இரண்டு செல்களில் ஒன்று எவ்வளவு இறங்கியிருக்கிறதோ அதே அளவு மற்றது ஏறியிருந்தால், செல்லைச் சந்தேகப்படத் தேவையில்லை. செல் வோல்ட்டேஜை பிஎம்எஸ்ஸுக்குச் சொல்லும், இரண்டுக்கும் பொதுவான உணர் ஒயர்தான் பொய் சொல்கிறது. மல்ட்டிமீட்டரை செல்களின் முனையிலேயே வைத்ததும் இரண்டும் 3.24 காட்டின. அந்த மெல்லிய ஒயரின் வளைய லக்கைக் கழற்றினோம். பச்சை பூத்திருந்தது, உரித்தால் உள்ளே கறுப்பு. மெயின் கேபிளில் ஒழித்துக்கட்டிய அதே டின் பூசாத செம்பு, விற்றவர் தந்த ஒயர்க் கட்டு வழியாக உள்ளே வந்திருந்தது. லக்கை வெட்டிப் புதிது போட்டதும் பாங்க் திரும்ப இணைந்தது.

அந்த நாலு நாளும் பில்ஜ் பம்ப் மின்சாரம் இல்லாமல் ஒரு முறைகூட நிற்கவில்லை.

## இனி மாறுபவை

உணர் ஒயர்க் கட்டுகள் இரண்டையும் டின் பூசிய ஒயரில் நாங்களே கட்டி மாற்றியிருக்கிறோம். செல் முனைகளில் அரிப்புத் தடுப்புப் பூச்சும் போட்டாயிற்று. உதிரி பிஎம்எஸ் ஒன்று, அமைப்புகளை முன்கூட்டியே ஏற்றி, காற்றுப் புகாத டப்பாவில் படகிலேயே இருக்கும். செல் வோல்ட்டேஜ்களை வாரம் ஒருமுறை டீச்சர் நோட்டில் எழுதுகிறார். துண்டிப்பதற்கு முன்பே இரண்டு செல்களுக்கிடையே வித்தியாசம் விரிவது அதில் தெரியும். துறைமுகத்துத் தூசும் உப்பும் பேனலில் படிவதால் நல்ல தண்ணீரில் கழுவுவதும் அதே நாளில்.

மே மாதத்தில் ஃப்ரிட்ஜ் எடுக்கும் 65-ஐக் குறைப்பது பேட்டரி கூட்டுவதைவிட மலிவு. பெட்டியைச் சுற்றி இன்னும் இரண்டு அங்குலம் காப்பு வைக்கும் வேலை அடுத்த கோடைக்குள் முடிய வேண்டும்.

அந்தமான் ஓட்டம்தான் இன்னும் தீராத கணக்கு. போர்ட் பிளேர், இப்போதைய ஸ்ரீ விஜயபுரம், சென்னையிலிருந்து சுமார் 1,370 கிலோமீட்டர். 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர்) வேகத்தில் ஆறு நாளுக்குக் கொஞ்சம் மேல். நாளுக்கு 250 ஏஹெச் செலவு, பாய் நிழலில் சோலார் 150 தரும் என்றால் தினமும் 100 குறையும். ஐந்தாம் நாள் பேட்டரி அடிக்குப் போய்விடும். தினமும் இன்ஜின் ஓட்டுவது ஒரு வழி. மூன்றாவது பேனல் இன்னொன்று. நான் சொல்வது, மின்சாரமே வேண்டாத, காற்றாலேயே சுக்கானைத் திருப்பும் விண்ட்வேன். ஆட்டோபைலட்டின் 96 அப்படியே மிச்சமாகும், குறைச்சல் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்துவிடும். சீஃப் ஒப்புக்கொண்டுவிட்டார். சோலார் ஆர்ச்சை நகர்த்தாமல் அமரத்தில் அதற்கு இடம் பிடிக்க முடியுமா என்று இப்போது அளந்துகொண்டிருக்கிறோம்.